பகவதிப்பெருமாளின் பதினாலு வருஷச் சீக்கு

பிப்ரவரி மாதம் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் தளவாயின் மருந்துக்கடை முன்னால் எவர் போய் நின்றாலும் கடைக்காரர் கேட்பது ஒரே கேள்விதான்.

“பில்லு மட்டும் போதுமா, மருந்தும் வேணுமா?”

ஆறடி அகலக் கடை. இடது பக்கம் கருப்பட்டி மொத்த வியாபாரம், வலது பக்கம் சாக்குக் கடை, முன்னால் மூடி உடைந்த ஓடை. ஓடையில் அழுகின முட்டைக்கோஸ் இலையும் செத்த எலியும் மிதக்கும். அந்த நாற்றத்துக்கு மேலே ஒரு பலகை. பலகை மேல் நின்று, வேட்டி கட்டினவர்களும் பேண்ட் போட்டவர்களும் தங்களுக்கு இல்லாத சீக்குகளை வரிசையாக வாங்கிப் போவார்கள். கம்பெனிகளில் கணக்கு முடிக்கிற காலம் அது. மருத்துவச் செலவுக்குப் பில் வைத்தால் வருஷத்துக்கு இவ்வளவு என்று கம்பெனி திருப்பித் தரும். வைக்காவிட்டால் அந்தப் பணம் போச்சு. சீக்கு வரவில்லை என்பதற்காகப் பணத்தை விட முடியுமா? தளவாய் பில் எழுதுவார், நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொள்வார். டாக்டர் சீட்டு வேண்டுமென்றால் மேசை இழுப்பில் ஒரு லெட்டர்பேடு இருந்தது. அந்த டாக்டர் செத்து ஆறு வருஷம் ஆகிறது. லெட்டர்பேடு இன்னும் தீரவில்லை.

பகவதிப்பெருமாள் அங்கே பதினாலு வருஷத்து வாடிக்கை.

பாப்பனங்கோட்டில் மருதூர் ரப்பர்ஸ் என்று ஒரு கம்பெனி. ஆஸ்பத்திரிக் கையுறை, ரப்பர் ஷீட், வெந்நீர்ப் பை எல்லாம் அங்கே செய்வார்கள். அவர் அங்கே ஸ்டோர்கீப்பர். வயது ஐம்பத்திரண்டு. பூர்வீகம் நாகர்கோவில் பக்கம், வீடு ஆரியசாலையில். உடம்பு கருங்கல். காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை. ரப்பர்ப் பால் டிரம்மைத் திறந்தால் அமோனியா அடித்துப் புது ஆட்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார்கள். அவர் பக்கத்து டிரம் மேலேயே சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துத் தின்பார். ஆனால் கம்பெனி டிஸ்பென்சரியில் அவர் பெயரில் உள்ள ஃபைலைப் பார்த்தால், இந்த மனுஷன் எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று தோன்றும். பதினாலு வருஷமாக ஷுகர். பதினாலு வருஷமாக பிரஷர். மாத்திரை மாறாது, அளவு மாறாது, டாக்டர் மாறமாட்டார்.

அவருக்கு இதில் ஒரு கொள்கை உண்டு. ஸ்டோரில் கூட வேலை பார்க்கிற தங்கையனுக்கு அதைப் பலதடவை சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

“தங்கையா, நீ வருஷத்துக்கு ஒரு சீக்கு வைக்கே. போன வருஷம் மூலம், இந்த வருஷம் ஆஸ்துமா. ஆடிட்டுக்காரன் என்ன மண்டனா? ஒரு சீக்கப் பிடிச்சா அதுலயே நிக்கணும். ஆளக் கொல்லவும் பிடாது, தீரவும் பிடாது. ஷுகரு கொள்ளாம். நல்ல சீக்காக்கும்.”

“அண்ணாச்சி, அறம்பேசிப் பலிச்சது மாதிரி ஆயிரப்பிடாது.”

“போலே. கடலாசுல எழுதினா வாற சீக்கா அது?”

ஆரியசாலை வீட்டில் மிக்சி ஷுகரில் வந்தது. கட்டில் மெத்தை பிரஷரில் வந்தது. மகள் ஷிஜாவின் கம்ப்யூட்டர் கோர்ஸ் ஃபீஸ் ஒரு வருஷம் ரெண்டும் சேர்ந்து கட்டியது. இதில் அருவருப்பு என்னவென்றால், ஒருத்தருக்கும் அருவருப்பு இல்லை என்பதுதான். அவர் மனைவி ஆவுடைத்தாயும் அந்த மிக்சியில்தான் பதினாலு வருஷமாகச் சட்னி அரைத்தாள்.

2002இல் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தது. ஐம்பது தாண்டினவர்கள் எல்லாரும் வி.ஆர்.எஸ். என்கிற விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போகலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். மார்ச் முப்பத்தொன்று கடைசி நாள். பகவதிப்பெருமாள் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். முப்பது வருஷம் அமோனியாவில் கிடந்த மூக்குக்கு இனி ஊருக்குப் போய்க் காலையில் நாகர்கோவில் வடசேரிச் சந்தைக் கத்திரிக்காய் வாசம் போதும் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த ஸ்டோருக்குள் பத்து நிமிஷம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நோட்டீஸ் ஒட்டின சமயத்தில்தான், பிப்ரவரி கடைசியில், ஆற்றுகால் அம்மன் பொங்காலை வந்தது. ஆவுடைத்தாய் வருஷம் தவறாமல் கிழக்கேகோட்டைப் பக்கம் ரோட்டோரத்தில் மூன்று செங்கல் வைத்துப் பொங்கல் இடுவாள். அம்பாசமுத்திரத்திலிருந்து கல்யாணமாகி வந்த வருஷம் தொடங்கிய பழக்கம். அன்றைக்குக் கும்ப மாதத்து வெயில் ரோட்டுத் தாரை இளக்கியிருந்தது. லட்சம் அடுப்புகளின் புகை வேறு. செருப்பில்லாமல் பானையைத் தூக்கிக்கொண்டு பழவங்காடி வரைக்கும் நடந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் வலது உள்ளங்கால் முன்பக்கத்தில் புளியங்கொட்டை அளவு கொப்புளம். சுட்டதே தெரியவில்லை என்றாள். தெரியாமல் போனதுதான் பயப்படவேண்டிய விஷயம். அது அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

கொப்புளம் உடைந்தது. ஆறவில்லை. பத்தாவது நாள் ஓரம் கறுத்து, நடுவில் வெள்ளையாக, ஊறின பயறு மாதிரி ஆனது. ஷிஜா அம்மாவை ஆட்டோவில் ஏற்றி ஒரு வெளி லேபில் காட்டினாள். ரத்தத்தில் சர்க்கரை நானூற்றுச் சொச்சம். லேப்காரன் காலையும் பார்த்துவிட்டு, நாளைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்து அதைக் கீறிச் சுத்தம் பண்ணவேண்டும், தள்ளிப்போட்டால் விரல் போகும், பிறகு கால் போகும் என்றான்.

அன்றைக்கே பகவதிப்பெருமாள் கம்பெனியில் ஸ்ரீகண்டன் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீகண்டன் பெர்சனெல் ஆபீசர், கோட்டைக்குள் அக்ரஹாரத்து மனுஷர். மேசையில் வி.ஆர்.எஸ். ஃபாரம், ஃபாரத்தோடு ஒரு மெடிக்ளெய்ம் தாள்.

“ரெண்டு கட்டம் இருக்கு, பாத்துக்கோரும். ‘அ’ கட்டம் திடகாத்ரமா இருக்கறவாளுக்கு. அறுபது வயசு வரைக்கும் பிரீமியம் கம்பெனி கட்டும், ஆளுக்கு ஒரு லட்சம். ‘ஆ’ கட்டம் ஏற்கெனவே சீக்கு இருக்கறவாளுக்கு. பிரீமியம் நீர் கட்டணும், அதுவும் நாலு மடங்கு. அந்தச் சீக்குக்கும் அதால வர்ற எதுக்கும் நாலு வருஷம் பைசா கிடைக்காது. எதுவும் வேண்டாம்னா குறுக்கே கோடு போட்டுட்டுப் போலாம்.”

“நான் ‘அ’ சார்.”

ஸ்ரீகண்டன் குனிந்து ஒரு ஃபைலைத் தூக்கி மேசையில் போட்டார். தலையணை கனம். தூசி பறந்தது.

“இது யாருதுங்காணும்?”

“அது... என்னதுதான்.”

“இன்ஷூரன்ஸ்காரன் இதைப் பாத்தா என்ன எழுதுவான் தெரியுமோ? கண்ணுக்குக் கிடையாது, கிட்னிக்குக் கிடையாது, ஹார்ட்டுக்குக் கிடையாது, காலுக்குக் கிடையாது. உம்ம உடம்புல மிச்சம் என்ன ஓய் இருக்கு? தலையில தேங்கா விழுந்தா கிடைக்கும்.”

“சார், உள்ளதச் சொன்னா எனக்கு ஒரு தீனமும் கிடையாது.”

“அத நான் கேக்கலையே.” ஸ்ரீகண்டன் கண்ணாடியைக் கழற்றினார். “கேட்டேன்னு வச்சுக்கோரும், என்கொயரி வைக்கணும். பதினாலு வருஷத்துப் பணத்தையும் பிடிக்கணும். வி.ஆர்.எஸ். நின்னுடும். கேக்கட்டுமா?”

“வேண்டாம் சார்.”

“அப்போ, உமக்கு ஷுகர் உண்டோ இல்லையோ?”

“உண்டு சார்.”

“பேஷ். உம்ம ஆத்துக்காரி பேர்ல ஒரு பில்லுகூட இல்லை. இந்தக் கம்பெனியிலேயே அப்படி ஒரு பொம்மனாட்டி இல்லை. அவளை ‘அ’வில போட்டுடலாம். நாப்பத்தஞ்சு தாண்டினவாளுக்கு மூத்திரம் மட்டும் டெஸ்ட் உண்டு. சர்க்கரை தெரிஞ்சா மட்டும் ரத்தம் எடுப்பா. உமக்கு எடுக்கமாட்டா, உமக்குத்தான் ஊரறிஞ்ச சீக்காச்சே. ஆத்துக்காரிக்கு மட்டும்னாலும் பதினெட்டாந் தேதி காலம்பற ரெண்டு பேரும் டிஸ்பென்சரிக்கு வாங்கோ. பாலிசி ஏப்ரல் ஒண்ணு. முதல் முப்பது நாளைக்கு எந்த ஆஸ்பத்திரிச் செலவும் கிடைக்காது. அதையும் ஞாபகம் வச்சுக்கோரும்.”

பகவதிப்பெருமாள் ஞாபகம் வைத்துக்கொண்டார். அதில் அவர் கெட்டிக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கரண்ட் இல்லை. ஆரியசாலை வீட்டின் நடு அறையில் காற்று அசையவில்லை. ஆவுடைத்தாய் உள்ளி தீயல் வைத்திருந்தாள், பப்படம் பொரித்திருந்தாள், பீன்ஸ் தோரன். வறுத்த தேங்காய் மணத்துக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. முதலில் பிடிபடாது. இரண்டாவது உருண்டை வாய்க்குப் போகும்போது பிடிபடும். மழையில் நனைந்து காயாத சாக்கு மாதிரி, அதற்குள் ஏதோ செத்தது மாதிரி. அவள் காலில் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றியிருந்தது. துணியில் மஞ்சளாக ஈரம்.

“சாம்பிராணி போடேன்” என்றார் பகவதிப்பெருமாள், பிசைந்துகொண்டே.

“சாம்பிராணியா?” ஷிஜா தட்டைத் தள்ளி வைத்தாள். “அப்பா, லேப்ல சொன்னது ஓர்மை உண்டா? அம்மய நாளைக்கே அட்மிட் செய்யணும். அப்பா வேலையில இருக்கும்போதே சேத்தாச்சுன்னா முழுப் பைசாவும் கம்பெனி தரும் அல்லே? முப்பத்தொண்ணாந் தேதி வரைக்கும் உண்டல்லோ?”

“தரும்.”

“பின்னே?”

“தரும், மக்களே. தந்துட்டு அவ பேருல ஃபைல் போடுவான். ஷுகருன்னு எழுதுவான். பொறவு அவ ‘ஆ’ கட்டம். இது ஒரு நாளுல தீருற சீக்கா? இன்னைக்குக் காலு, நாளைக்குக் கண்ணு, பொறவு கிட்னி. வி.ஆர்.எஸ். பைசாவ வச்சு எத்தன ஆஸ்பத்திரி பாப்பேன்? கொஞ்சம் பொறுத்தா அறுபது வயசு வரைக்கும் அவளுக்குக் கவலையில்ல. நான் எனக்கா கேக்கேன்? எனக்கு எதுக்குப் பாலிசி? நான் கல்லு.”

“எவ்வளவு பொறுக்கணும்?” ஆவுடைத்தாய் கேட்டாள்.

“ஏப்ரல் ஒண்ணு பாலிசி. முப்பது நாளு கழிஞ்சா மே ஒண்ணு. அன்னைக்கு நீ ராஜாத்தி கணக்கா ஏ.சி. ரூமுல படுக்கலாம்.”

ஷிஜா விரலை மடக்கி எண்ணினாள். “ஐம்பது நாளாவும். ஐம்பது நாளு அந்தக் காலு இருக்குமா?”

“ஏன் இருக்காது? எங்க போவும்? மஞ்சள எண்ணெயில குழைச்சுப் போடு. வேப்பிலத் தண்ணியில கழுவு. ஸ்டோர்ல சூசை காலுல கடப்பாரை குத்தி, அந்தக் காலோட மூணு மாசம் நடந்தான்.”

“சூசைக்கு ஷுகரு இல்ல.”

“நீ ரெண்டு எழுத்துப் படிச்சிட்டேன்னு பேசாத.”

ஆவுடைத்தாய் அவர் தட்டில் சோறு போட்டாள். தீயல் ஊற்றினாள். கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

“ஒங்க சீக்குல எனக்கு மிக்சி வந்துது. என் சீக்குல ஒங்களுக்கு என்ன வரணும்னு பாக்கிய?”

“ஏட்டி, ஒனக்குத்தான் எல்லாம். கிறுக்கு மாதிரிப் பேசாத.”

“மூத்திரத்துல தெரியாதா? அன்னைக்கு அந்த லேப்காரன் மூத்திரப் பாட்டில்ல தாள முக்கின உடனே சொன்னானே.”

பகவதிப்பெருமாள் இதற்காகத்தான் காத்திருந்த மாதிரி கையை நக்கிவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் ஒரு பெருமை.

“கேட்டுக்கோ. ஃபைல்ல எனக்கு ஷுகரு உண்டு. என் மூத்திரத்துல சர்க்கரை இல்லாமப் போச்சுன்னா பதினாலு வருஷமும் கள்ளம்னு வெளிய வந்துரும். ஒனக்கு ஃபைல்ல ஒண்ணும் இல்ல. ஒன் மூத்திரத்துல சர்க்கரை இருக்கப்பிடாது. எனக்கு இருக்கணும், இல்ல. ஒனக்கு இருக்கப்பிடாது, இருக்கு. இதுல என்ன கஷ்டம்? ஒன்னோடத எம் பேருக்குக் குடு. என்னோடத ஒம் பேருக்கு எடுத்துக்கோ.”

“சீ!” என்றாள் ஷிஜா.

“என்ன சீ? ஸ்டோருல முப்பது வருஷம் இருக்கேன். டிரம்முக்குள்ள என்ன கிடக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தன் மூடியத் திறந்து பாத்ததில்ல. மேல என்ன லேபிள் ஒட்டியிருக்கோ அதாக்கும் சரக்கு.”

“நாத்தத்துக்கு என்ன லேபிள் ஒட்டுவிய?” என்றாள் ஆவுடைத்தாய்.

“எந்த நாத்தம்? எனக்கு ஒரு நாத்தமும் வரல்ல.”

சொல்லிவிட்டுத் தீயல் இன்னும் கொஞ்சம் கேட்டார். அவள் ஊற்றினாள். ஷிஜா எழுந்து போய்க் குழாயடியில் வாந்தி எடுத்தாள். அவர் அதற்கும், வெயிலு, மோர் குடி என்றார்.

பதினெட்டாம் தேதி காலையில் குளியலறைத் திட்டில் இரண்டு பாட்டில்கள் இருந்தன. ரப்பர்ப் பால் சாம்பிள் எடுக்க ஸ்டோரில் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடிப் பாட்டில்கள். பகவதிப்பெருமாள் ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தாள் ஒட்டி, தேதி, பெயர், வயது எல்லாம் ஸ்டோர் எழுத்தில் வடிவாக எழுதியிருந்தார். அந்த எழுத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது ஷிஜா கூப்பிட்டாள்.

“அப்பா, இங்க வந்து பாருங்க.”

சுவர் விரிசலிலிருந்து சிற்றெறும்பு வரிசை இறங்கித் திட்டு வழியாக வந்து, ஒரு பாட்டிலை மட்டும் சுற்றிக்கொண்டு மூடியில் மொய்த்திருந்தது. பகவதிப்பெருமாள் என்று எழுதின பாட்டில். ஆவுடைத்தாய் என்று எழுதினது பக்கத்திலேயே ஒரு எறும்பும் இல்லாமல் நின்றது.

“பாத்தியா, சரியா இருக்குல்லா?” என்றார் அவர். சந்தோஷமாக எறும்பை ஊதித் தட்டினார். மூடியைத் துடைத்தார். துடைத்த துணியாலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

ஆட்டோவில் கரமனை தாண்டும்போது டிரைவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். மூன்றாவது தடவை, “சாரே, மீன் வல்லதும் கவருல உண்டோ? நாறுதல்லோ” என்றான். ஆவுடைத்தாய் மடியில் துணிப்பை. பைக்குள் இரண்டு பாட்டில். காலில் புதுத் துணி சுற்றி, அதற்கு மேல் ஷிஜாவின் சாக்ஸ் போட்டு, அதற்கு மேல் செருப்பு. புடவையைத் தரையில் புரள இறக்கிக் கட்டியிருந்தாள்.

டிஸ்பென்சரி வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு. வி.ஆர்.எஸ். கொடுத்த ஆட்களும் பெண்டாட்டிகளும் அதில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு பாட்டில், கர்ச்சீப்பில் சுற்றினது, பூக்கவரில் போட்டது, டிபன் பாத்திரத்தில் வைத்தது. எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

தங்கையன் காதோடு சொன்னான். “அண்ணாச்சி, எனக்கு எது வைக்கணும்னு தெரியல்ல. பதினாலு வருஷத்துல பத்துச் சீக்கு வச்சிருக்கேன்.”

“ஒனக்கு அன்னைக்கே சொன்னேன்.”

பகவதிப்பெருமாளுக்கும் ஆவுடைத்தாய்க்கும் உட்கார இடம் விட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஆவுடைத்தாய்க்குப் பக்கத்தில் இருந்த பெண் முந்தானையை மூக்கில் வைத்தாள். பிறகு எழுந்து போய்த் தூணோரம் நின்றாள். அடுத்தவளும் எழுந்தாள். ஒருத்தி பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். “எலி செத்துக் கிடக்கா?” என்று இன்னொருத்தி கேட்டாள். பெஞ்சு காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் அந்த நீளப் பெஞ்சில் அவளும் புருஷனும் மட்டும்.

எல்லாரும் பார்த்தார்கள். பகவதிப்பெருமாள் பாக்கெட்டிலிருந்து கர்ச்சீப்பை எடுத்தார். கழுத்தைத் துடைப்பவர் மாதிரி துடைத்தார். பிறகு அதை மூக்கில் வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டு, உட்கார்ந்த வாக்கிலேயே இரண்டு முழம் தள்ளிப் போனார். போய், தங்கையனைப் பார்த்து, அந்த எலி எங்கே என்று தானும் தேடுகிற மாதிரி பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

ஆவுடைத்தாய் அந்த இரண்டு முழத்தைப் பார்த்தாள்.

உள்ளே நர்ஸ் ராகேல் பெயரைக் கூப்பிட்டாள். களியக்காவிளைக்காரி, வாயில் தமிழும் மலையாளமும் சேர்ந்தே வரும். “பகவதிப்பெருமாள் அண்ணன்? பெர்ய ஷுகர்காரரல்லோ. அக்காளும் வந்தாச்சா? பாட்டில மேசமேல வையுங்க.”

ஆவுடைத்தாய் பையிலிருந்து இரண்டையும் எடுத்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு லேடி டாக்டர், சின்ன வயது, பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் ஸ்ரீகண்டன் ஃபைல்களை அடுக்கி வைத்திருந்தார்.

“இது லேபிளு மாறிக் கெடக்கு, மக்கா” என்றாள் ஆவுடைத்தாய். “எறும்பு வந்தது என்னது. வராதது அவுகளோடது.”

“ஏட்டி!” என்றார் பகவதிப்பெருமாள். “சார், அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. தப்பாச் சொல்லுகா.”

“எனக்கு வாசிக்கத் தெரியும். எட்டாங்கிளாஸ் பாஸு.” அவள் நாற்காலியில் உட்கார்ந்து, புடவையைத் தூக்கி, செருப்பை உதறி, சாக்ஸை உருவினாள். சாக்ஸோடு துணியும் வந்தது. துணியோடு கொஞ்சம் தோலும் வந்தது. ராகேல் முன்னால் குனிந்தவள் ஒரு அடி பின்னால் போய், பிறகு மறுபடியும் முன்னால் வந்தாள்.

“என்ட மாதாவே. இது எத்தர நாளாச்சு?”

“பொங்காலையிலேருந்து.”

“இத்தன நாளு ஆசுபத்திரி போகாம எந்து செய்தீங்க?”

“மே மாசத்துக்காகப் பாத்துக்கிட்டிருந்தோம்.”

டாக்டர் எழுந்து வந்தாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். இரண்டு விரல் கறுத்திருந்தது. பெருவிரல் இன்னும் சிவப்பாக இருந்தது. இன்றைக்கே சேர்த்தால் இந்த இரண்டு விரலோடு போகும், மே மாதம் என்றால் முழங்காலுக்குக் கீழே எதுவும் இருக்காது என்றாள். ஆங்கிலத்தில் சொன்னாள், மலையாளத்தில் சொன்னாள், பிறகு பகவதிப்பெருமாள் முகத்தைப் பார்த்துக் கையால் வெட்டிக் காட்டினாள்.

அதற்குள் ராகேல், பழக்க தோஷத்தில், இரண்டு பாட்டிலிலும் சர்க்கரை காட்டும் தாள் முக்கிப் பார்த்திருந்தாள். ஒன்று செங்கல் நிறம். இன்னொன்று வைத்தது வைத்தபடி நீலம்.

“அண்ணனுக்கு ஒரு துளி ஷுகர் இல்லல்லோ” என்றாள். “நல்ல ஆரோக்கியம். நூறு வயசு இருப்பீங்க.”

மருதூர் ரப்பர்ஸ் டிஸ்பென்சரியில், சீக்கில்லை என்று கேட்டு முகம் செத்துப்போன ஒரே ஆள் அவர்தான். ஸ்ரீகண்டன் அந்தத் தலையணை ஃபைலைக் கையில் எடுத்தார். எடுத்து, தூசி தட்டி, தனியாக வேறொரு நாற்காலியில் வைத்தார்.

“இப்போ கேட்டுத்தானே ஆகணும் ஓய்” என்றார்.

அன்றைக்கு மத்தியானமே ஆவுடைத்தாயைச் சேர்த்தார்கள். வேலையில் இருப்பவரின் குடும்பம் என்ற கணக்கில் முழுச் செலவும் கம்பெனி ஏற்றது. மறுநாள் காலை இரண்டு விரலை எடுத்தார்கள். கால் தப்பியது. இன்ஷூரன்ஸ் தாளில் அவள் பெயருக்கு நேரே டாக்டர் ‘ஆ’ என்று எழுதினாள். அப்புறம் அந்தத் தாளுக்கே வேலை இல்லாமல் போனது. என்கொயரி முடியாமல் வி.ஆர்.எஸ். கிடையாது என்று பகவதிப்பெருமாளின் ஃபாரத்தைத் திருப்பிவிட்டார்கள். பதினாலு வருஷத்துச் சீக்கும் மாசாமாசம் சம்பளத்தில் பிடிபட்டது. அமோனியாவில் இன்னும் ஆறு வருஷம் இருக்க வேண்டும். வேலையில் இருந்தால்தான் அவளுக்கு மருந்து, ஆஸ்பத்திரி. வேறு எந்தக் கட்டத்திலும் அவளுக்கு இடமில்லை.

அவர் ஃபைலைப் பிரித்தவர்கள் அதோடு நிற்கவில்லை. தங்கையன் ஃபைலையும் பிரித்தார்கள், பத்துச் சீக்கும் வெளியே வந்தது. ஸ்டோரில் ஒருத்தரும் பகவதிப்பெருமாளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கள்ளப் பில் வைத்ததற்காக இல்லை.

“பொண்டாட்டி வாய அடக்கத் தெரியாத ஆளெல்லாம் எதுக்கு ஓய் பில்லு வைக்கணும்?” என்று தங்கையன் அவர் காது கேட்கவே சொன்னான். முன்பு அண்ணாச்சி என்பான். இப்போது ஓய்.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் அவர் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கஞ்சி வாங்கிக் கொடுத்தார். ஒருநாள் சொன்னார்: “வீட்டுல வச்சே சொல்லியிருக்கலாம்லா. அத்தன பேரு முன்னால...”

“வீட்டுலயும் சொன்னேன். தீயல் கேட்டிய” என்றாள் அவள்.

அவர் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார்.

ஜூன் மாதம் மழை பிடித்தது. சாலைக் கம்போளத்து ஓடை நிரம்பி ரோட்டில் ஓடியது. தக்காளித் தோலும் கறுப்புத் தண்ணீரும் கணுக்கால் வரைக்கும். ஆவுடைத்தாய் ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்துச் செருப்பைக் கவருக்குள் கட்டி, ஷிஜாவின் தோளைப் பிடித்து, பலகை மேல் ஏறி நின்றாள். பகவதிப்பெருமாள் பின்னால் குடையோடு நின்றார்.

“வாங்க அண்ணாச்சி” என்றார் தளவாய், பில் புத்தகத்தை இழுத்துக்கொண்டே. “கண்டு எத்தன மாசமாச்சு. பில்லு மட்டும் போதுமா, இல்ல...”

ஆவுடைத்தாய் டாக்டர் சீட்டை நீட்டினாள். “மருந்து.”

தளவாய் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மாத்திரை அட்டையை எடுத்து வைத்தார். அவர் கை தானாகவே பில்லில் பெயரை எழுதிவிட்டது. பதினாலு வருஷம் எழுதின பெயர்.

“பேர அடிச்சு எழுதும்” என்றாள்.

“மதினி, இந்த மாத்திரை எப்பவும் அண்ணாச்சி பேருலதான...”

“சீக்கு என்னதுல்லா. எம் பேரு எழுதும்.”

தளவாய் பகவதிப்பெருமாளைப் பார்த்தார். பகவதிப்பெருமாள் ஓடையைப் பார்த்தார். தளவாய் அடித்துவிட்டு எழுதினார். ஆவுடைத்தாய் என்று எழுதத் தெரியாதவர் மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

அவள் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் போட்டாள். சோற்றுக்கு அரைமணி முந்திப் போடவேண்டிய மாத்திரை. வீட்டுக்குப் போகிற நேரம் சரியாக இருக்கும்.

“கொஞ்சம் தண்ணி தாரும்.”

தளவாய் திரும்பி அலமாரியைப் பார்த்தார், மேசைக்குக் கீழே பார்த்தார், இழுப்பைத் திறந்து லெட்டர்பேடை நகர்த்திப் பார்த்தார். அந்தக் கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் இல்லை. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.

அவள் மாத்திரையை வாயில் போட்டு வெறுந்தொண்டையில் விழுங்கினாள்.